டிரினிடாட்டில் கரோனி சர்க்கரைக் கம்பெனியை ஏன் மூடினார்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

குழாய்க்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேஸ் ஆலையில் பைப்பிங் வேலைக்காக டிரினிடாட் வந்திருக்கிறேன், தங்கியிருப்பது கூவா பக்கம். சகுவானாஸிலிருந்து சான் பெர்னாண்டோ போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புல், நடுநடுவே யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்கிற கரும்பு, அப்புறம் திடீரென்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் உள்ள காலனி. சைட்டில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர், அப்பா கரோனியில் இருந்தார், தாத்தா கரோனியில் இருந்தார் என்கிறார்கள். கரோனி என்றால் 2003-ல் மூடப்பட்ட அரசு சர்க்கரைக் கம்பெனி என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் கேட்டால் ஆளுக்கொரு கதை. யூனியன்தான் கெடுத்தது என்கிறார் டாக்ஸிக்காரர். அரசியல் பழிவாங்கல் என்கிறார் எங்கள் வெல்டர்.

எங்கள் வீட்டிலும் கரும்புதான். ஆலை பாக்கி, வெட்டு உத்தரவுக்குக் காத்திருப்பது எல்லாம் பார்த்து வளர்ந்தவன், அதனால் தெரிந்துகொள்ள ஆசை. இவ்வளவு பெரிய கம்பெனியை ஒரேயடியாக எப்படி மூட முடிந்தது? வேலை போனவர்களுக்கு என்ன கிடைத்தது? இன்னொன்று, இங்கே வந்த கூலிகளில் நம் ஆட்களும் உண்டா? பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் வடக்கத்திப் பெயர்களாகவே இருக்கின்றன.

---

மத்திய டிரினிடாட்

நான் இந்தப் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003-ஐ மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அடிமை முறை 1838-ல் முழுசாக முடிந்ததும் ஆப்பிரிக்க வம்சத்தினர் தோட்டத்தை விட்டு வெளியே போனார்கள், யார்தான் போக மாட்டார்கள்? தோட்ட முதலாளிகள் ஆளுக்கு அலைந்து கடைசியில் இந்தியாவைப் பிடித்தார்கள். முதல் கப்பல் ஃபாட்டல் ரஸாக், கல்கத்தாவிலிருந்து 1845 மே 30-ல் வந்தது. அன்றிலிருந்து 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம், கூலி ‘டாஸ்க்’ கணக்கு. அதாவது கங்காணி அளந்து விட்ட வேலையை முடித்தால் 25 சென்ட், முடிக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும், சீட்டில்லாமல் சாலையில் அகப்பட்டால் ஜெயில். கூலி குறைவு என்று வேலைக்கு வராமல் இருந்தாலும் அது கிரிமினல் குற்றம்தான், தகராறு முதலாளியோடு என்றாலும் தண்டனை அரசாங்கத்திடமிருந்து.

நிலம் என்கிற பேச்சும் அப்போதே ஆரம்பமாகிவிட்டது, இதைக் கவனியுங்கள். ஒப்பந்தப்படி பத்து வருடம் இருந்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாததால் 1869-ல் கவர்னர் கார்டன் காலத்தில், திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்தால் பத்து ஏக்கர் அரசு நிலம் தருகிறோம் என்றார்கள். பலர் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் என்ன பயிரிட்டார்கள்? நெல், கூடவே கரும்பு. விளைந்த கரும்பு பழைய முதலாளியின் ஆலைக்கே போனது. பிற்காலத்தில் இங்கே அரைபட்ட கரும்பில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சிறு விவசாயிகளுடையது. கரோனி ஆட்கள் என்று சொல்லும்போது இவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லை, ஆலை மூடியபோது இழப்பீட்டு வரிசையிலும் முதலில் இல்லை.

கம்பெனிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் இங்கிலாந்தின் பெரிய சர்க்கரைக் கம்பெனியான டேட் அண்ட் லைல் வந்து கரோனி லிமிடெட் ஆரம்பித்தது. 1962-ல் தெற்கே உள்ள சேன்ட் மாடலின் ஆலையையும் வாங்கியது. 1870களில் பிரிட்டிஷ் பேரரசிலேயே பெரிய ஆலைகளில் ஒன்று அது. 1970-ல் அரசாங்கம் 51 சதவீதம் எடுத்தது, 1975-ல் மீதியையும் எடுத்தது, அதனால்தான் பெயரிலேயே கரோனி (1975) லிமிடெட். 1960களின் நடுவில் தீவு இரண்டரை லட்சம் டன் அளவுக்குச் சர்க்கரை எடுத்தது, கடைசி வருடங்களில் அதில் பாதிகூட வரவில்லை. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடனை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும், கணக்கு சுத்தமாகும், மறுபடி கடன். எண்ணெய்ப் பணம் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை.

2002 அக்டோபர் தேர்தலில் பி.என்.எம். கட்சி ஜெயித்து மேனிங் பிரதமராகத் தொடர்ந்தார். 2003-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றை நீட்டினார்கள். பெயர்தான் விருப்பம், கம்பெனியே இருக்காது என்று சொன்ன பிறகு விருப்பம் எங்கே வந்தது? சுமார் 9,000 பேர் வெளியே போனார்கள். ரொக்கம் கிடைத்தது. அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு ஏக்கர் விவசாய நிலம் குத்தகைக்கு, வீடு கட்ட ஒரு மனை என்று வாக்குறுதி. ரொக்கம் சீக்கிரம் வந்தது, நிலம் வரவில்லை. வழக்கு, கோர்ட், ஆட்சி மாற்றம் என்று இழுத்தது. 2010களிலும் குத்தகைப் பத்திரம் வழங்கும் விழாக்கள் நடந்துகொண்டிருந்தன, எந்தக் கட்சி ஆண்டாலும் மேடை, பந்தல், போட்டோ. ஐம்பது வயதில் வேலை போனவர் எழுபதில் பத்திரம் வாங்கினால் அந்த இரண்டு ஏக்கரில் என்ன செய்வார்? வாங்க வேண்டியவருக்குப் பதிலாக வாரிசு வந்து கையெழுத்துப் போட்டதும் உண்டு.

நிலத்தை நிர்வகிக்க இ.எம்.பி.டி. என்று தனியாக ஓர் அரசு நிறுவனமே வைத்தார்கள். நீங்கள் பார்க்கிற காலனிகளில் பல அந்த நிலத்தில் வந்தவைதான். சுமார் 75,000 ஏக்கர் என்பது இந்தத் தீவில் சாதாரணமான விஷயமில்லை.

---

ரிட்டயர்டு ஆலை கெமிஸ்ட்

தமிழ்நாட்டில் கூட்டுறவு ஆலை, தனியார் ஆலை இரண்டிலும் லேபில் இருந்தவன். டிரினிடாட்டுக்கு வந்ததில்லை, ஆனால் தொழில் ஒன்றுதானே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெட்டிய நிமிடத்திலிருந்து சர்க்கரை இறங்கும், ஒரு நாளுக்குள் அரைத்தால் நல்லது, இரண்டாம் நாள் தாண்டினால் ஜூஸ் புளிக்க ஆரம்பிக்கும். எரித்து வெட்டிய கரும்பு என்றால் இன்னும் மோசம். அங்கே வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைத்துச் சோகையை (காய்ந்த தோகையை) பொசுக்குவது வழக்கமாக இருந்தது, பாம்பு, தேள் ஓடிவிடும், கத்தி சுலபமாக இறங்கும், ஆள் வேகமாக வெட்டலாம். ஆனால் முறைப்படி வைக்கிற தீ போதாதென்று யாராவது வேண்டுமென்றே பக்கத்து வயலுக்கும் வைத்துவிட்டால், அந்த வாரத்து அரவைத் திட்டமே குலைந்துபோகும். எரிந்ததையெல்லாம் உடனே வெட்டியாக வேண்டும், ஆலை அவ்வளவையும் வாங்காது, வண்டி எடைமேடையில் நிற்கும், நிற்க நிற்கக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கிற சர்க்கரையின் அளவு, விழும்.

அங்கே அரவைப் பருவம் ஜனவரியிலிருந்து மே, ஜூன் வரை இருந்தது, அதாவது வறண்ட மாதங்கள். மழை முந்திக்கொண்டால் களிமண் வயலில் டிராக்டர் இறங்காது. பழைய காலத்தில் இழுப்பதற்கு எருமை. கரும்பு வண்டி இழுக்க இந்தியாவிலிருந்து எருமைகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள், பிறகு அதிலிருந்தே பஃபலிப்ஸோ என்று இறைச்சிக்கான ஓர் இனத்தை உருவாக்கினார் ஸ்டீவ் பென்னட் என்ற கால்நடை மருத்துவர். கரும்பு போனாலும் எருமை நின்றது!

என் கணிப்பு: பழைய இயந்திரம், சிதறிக் கிடக்கும் வயல்கள், ஈரமண், இவற்றோடு பிரேசில் விலையில் சர்க்கரை விற்க யாராலும் முடியாது. இத்தனை வருடம் தாங்கியதே ஐரோப்பா கொடுத்த தனி விலையால்தான். 1975-லிருந்து லோமே ஒப்பந்தத்தின் கீழ் பழைய காலனிகளுக்குக் கோட்டா வைத்து உலகச் சந்தையை விட அதிக விலைக்கு வாங்கினார்கள். கரோனியின் செலவு அந்த விலையையும் தாண்டியது. ஐரோப்பா விலையை 36 சதவீதம் குறைப்பதாக முடிவெடுத்தது 2005-ல். அப்போது செயின்ட் கிட்ஸ் தீவும் தன் சர்க்கரைத் தொழிலை மூடியாகிவிட்டது, கரும்பு இழுத்த ரயில் பாதையில் இப்போது டூரிஸ்டுகள் போகிறார்கள். எனவே 2003-ல் மூடாவிட்டால் ஐந்து வருடத்தில் மூடியிருப்பார்கள். மூடிய விதம் சரியா என்பது வேறு விஷயம்.

---

சும்மா சொல்கிறேன்

கெமிஸ்ட் சார் நாசூக்காகச் சொல்கிறார், நான் நேராகச் சொல்கிறேன். யூனியன். கூலி ஏறியது, வேலை நேரம் குறைந்தது, அறுவடை இயந்திரம் கொண்டுவந்தால் எதிர்ப்பு. காலையில் வந்து பத்து மணிக்கு டாஸ்க் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். யூனியன் தலைவர் பிரதமராகவே ஆனார், கம்பெனி திவாலாகிவிட்டது. எங்கள் ஊர் கூட்டுறவு ஆலையிலும் இதே கதைதான், கூட்டம் போட்டுப் பேசியவனெல்லாம் நன்றாக இருக்கிறான், ஆலையில் ஆடு மேய்கிறது.

---

மத்திய டிரினிடாட்

@சும்மா சொல்கிறேன்: நண்பரே, பத்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவன் எத்தனை மணிக்கு வயலுக்கு வந்தான் என்று கேட்டீர்களா? விடிகாலை நாலு மணிக்கு. எரித்த வயலில் நின்று வெட்டினால் வியர்வையும் கரியும் சேர்ந்து கண் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும், வெயில் ஏறிய பிறகு அங்கே நிற்க முடியாது. டாஸ்க் கணக்கை உண்டாக்கியதும் தொழிலாளி இல்லை, முதலாளிதான். களையெடுத்த பெண்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஒப்பந்தக் காலத்திலிருந்தே அவர்கள் தனி கேங், ஆண் கூலியை விடக் குறைவு.

யூனியன் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 1884-ல் சான் பெர்னாண்டோவுக்குள் ஹோசே ஊர்வலம் வரக் கூடாது என்று தடை போட்டார்கள், முஹர்ரத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், தோட்டத்து இந்துக்களும் சேர்ந்தே தாஜியா (அலங்கரித்த கல்லறை வடிவம்) தூக்குவார்கள். தடையை மீறி வந்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. குறைந்தது 16 சாவு. ஊர்வலத்துக்குத் தடை என்பது வெளிக்காரணம். சர்க்கரை விலை விழுந்திருந்த வருடம், டாஸ்க்கின் அளவைக் கூட்டியிருந்தார்கள், தோட்டங்களில் ஏற்கெனவே வேலைநிறுத்தங்கள். 1934-ல் பட்டினி ஊர்வலங்கள். 1937-ல்தான் ஏட்ரியன் கோலா ரியென்ஸி சர்க்கரைத் தொழிலாளிகளுக்கு யூனியன் அமைத்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பிறந்தபோது அவர் கிருஷ்ண தேவ்நாராயண். அதே ஆள் எண்ணெய்த் தொழிலாளர் யூனியனுக்கும் தலைவராக இருந்தார். எண்ணெயில் ஆப்பிரிக்கர், கரும்பில் இந்தியர் என்று பிரிந்து கிடந்த நாட்டில் அது லேசான காரியமில்லை.

1975 மார்ச் 18-ல் இரண்டு தரப்பும் சேர்ந்து சான் பெர்னாண்டோவில் ஊர்வலம் போனபோது போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டு அடித்தது, இன்றைக்கும் அதை இரத்தச் செவ்வாய் என்கிறார்கள். சர்க்கரை யூனியனின் பாஸ்தேவ் பாண்டே, எண்ணெய் யூனியனின் ஜார்ஜ் வீக்ஸ், கரும்பு விவசாயிகள் சார்பில் ரஃபீக் ஷா எல்லோரும் கைதானார்கள். ஷா 1970-ல் ராணுவக் கலகம் செய்த லெப்டினென்ட், வெளியே வந்து கரும்பு விவசாயிகளுக்குத் தலைவரானவர். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பாண்டே 1995-லிருந்து 2001 வரை பிரதமர். அந்த ஆறு வருடத்தில் கரோனியை அவரும் சீர்செய்யவில்லை, அதை மறைக்கத் தேவையில்லை. கரும்பு வட்டாரம் அவருடைய ஓட்டு வங்கி, கை வைக்கத் துணியவில்லை. எதிர்க்கட்சியான பி.என்.எம்.முக்கு அந்தப் பயம் இல்லை, ஆட்சிக்கு வந்ததும் மூடியது. அதனால் டாக்ஸிக்காரர் சொன்னதிலும் வெல்டர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் ஆத்திரம் மூடியதில் இல்லை. நிலம் எல்லாம் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அளந்து கல் நட்டுக் கொடுத்தால் போதும். அதைச் செய்ய இத்தனை வருடமா? அதே கரோனி நிலத்தை எடுத்து 1970களில் பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டையை மளமளவென்று கட்டினார்களே, அம்மோனியா ஆலைக்கு மட்டும் சர்வேயர் கிடைத்தாரா? (குழாய்க்காரன், நீங்கள் வேலை செய்கிற இடமும் அதுவாகத்தான் இருக்கும்.)

---

காரைக்கால் பேரன்

நம் ஆட்கள் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. டிரினிடாட்டுக்கு மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின, ஆனால் பெரும்பாலும் ஆரம்பப் பத்தாண்டுகளில்தான், மொத்தத்தில் அது சிறு பங்கு. மதராஸ்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள், தோட்டத்தை விட்டு ஊருக்குள் போய்விடுகிறார்கள் என்று முதலாளிகள் புலம்பியிருக்கிறார்கள், கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூன்சாமி, வீராசாமி என்று பெயர் வைத்த குடும்பங்களைத் தேடிப் பாருங்கள். காளி கோயில் பூஜைகளில் நம் வழக்கங்கள் மிச்சம் இருக்கின்றன.

நிஜமாகத் தமிழர் கையால் கரும்பு வெட்டிய கரீபியன் தீவு பார்க்க வேண்டுமென்றால் பிரெஞ்சுத் தீவான குவாதலூப். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரேலி என்ற கப்பல் வந்தது, 1889 வரை சுமார் 42,000 பேர், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏறியவர்கள் ஏராளம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது என்றபோது 1904-லிருந்து 1923 வரை வழக்காடி ஜெயித்தவர் ஆன்ரி சிதம்பரம். 1952 பிப்ரவரி 14-ல் மூல் ஊரில் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டு 4 பேர் செத்தார்கள். அதே மூலில் கார்டெல் ஆலை இன்றும் ஓடுகிறது, ஐரோப்பியப் பணமும் பிரெஞ்சு மானியமும் இருப்பதால். கெமிஸ்ட் சார் சொன்ன கணக்குக்கு அதுதான் சாட்சி. அங்கேயும் டன்னுக்கு எவ்வளவு என்று ஆலையோடு சண்டை ஓயவில்லை, அரவை தள்ளிப்போகிற வருடங்கள் உண்டு.

---

குழாய்க்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆமாம், வேலை பாயிண்ட் லிசாஸில்தான். அந்த இடமே கரும்புக்காடு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லீவு, பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஆலைக்குள் விடுவார்களா? இன்னொரு சந்தேகம், ஒரு ரூம்மேட் கரோனி ரம் ஒரு பாட்டில் லட்சக்கணக்கில் விற்கிறது என்கிறான், கதை விடுகிறானா?

---

மத்திய டிரினிடாட்

கதை இல்லை. கரோனியின் சாராய ஆலையும் அப்போதே மூடப்பட்டது, மொலாசஸ் ரம் நிரப்பிய பீப்பாய்கள் கிடங்கில் அப்படியே கிடந்தன. இத்தாலிய வியாபாரி லூகா கர்கானோ 2004-ல் அதைப் பார்த்துவிட்டு வாங்கிப் பாட்டிலில் அடைத்தார். இனி வராத சரக்கு என்பதால் சேகரிப்பவர்கள் ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள். கரும்பு வெட்டியவருக்குப் பத்திரம் வருவதற்குள் ரம்முக்கு விலை ஏறிவிட்டது. நீங்கள் வாங்கிவிடாதீர்கள், ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

ஆலைகளை நம்பிப் போகாதீர்கள், கரோனி மூடிய பிறகும் ஓடிய சேன்ட் மாடலின் 2007-ல் நின்றது, அங்கேயும் பிரச்சின் காசில் ஆலையிலும் இரும்பு துருப்பிடித்துக் கிடக்கிறது, உள்ளே போவதற்கு அனுமதி வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே பிரச்சின் காசிலில் செவில்லா ஹவுஸ் என்று பழைய மேனேஜர் பங்களா இருக்கிறது, சர்க்கரை மியூசியம் அங்கேதான். ஞாயிறு திறக்கிறார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அதை விட வாட்டர்லூ என்ற கடற்கரை ஊருக்குப் போங்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி கம்பெனி நிலத்தில் கோயில் கட்டினார் என்று 1952-ல் அதை இடித்து, அவரை 14 நாள் ஜெயிலில் போட்டு, அபராதமும் விதித்தார்கள். நிலத்தில்தானே கட்டக் கூடாது, கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று சைக்கிளில் கல்லும் சிமென்ட்டும் வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டி, கடலுக்குள் பல வருடம் கட்டினார். முடிக்காமலே இறந்தார், 1990களின் நடுவில் அரசாங்கம் முடித்துக் கொடுத்தது. பக்கத்தில் சுடுகாடு, சடங்கு நடந்துகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். சகுவானாஸ் மேக்ஸி (மினி பஸ்) ஸ்டாண்டில் கேட்டால் வழி சொல்வார்கள், காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் அங்கே நிழலே கிடையாது. வெல்டரையும் கூட்டிக்கொண்டு போனால் நான் சொன்னதில் பாதியைத் தப்பு என்று நிரூபிப்பார், அதையும் இங்கே வந்து எழுதுங்கள்.